திருத்தூதரின் கல்லறையும் நம் கல்லறைத் தோட்டமும்

(நவம்பர் மாத வானொலி மறையுரை)



கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்களே ஆகின்றன. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊருக்கு வந்து, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சேலம், நாமக்கல் பகுதிகளில் உள்ள நம் கல்லறைத் தோட்டங்களில் அன்று மாலை எரிந்த திரிகளின் மெழுகு இன்னும் காரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இறந்த விசுவாசிகளுக்காகச் செபிக்கும்படி திருஅவை இந்த மாதம் முழுவதையும் நமக்குத் தருகிறது. எனவே இன்று கல்லறைகளைப் பற்றியே சிந்திப்போம். முதலில் நம் தமிழ் மண்ணில் உள்ள மிகப் பழைய, மிகப் பெரிய கிறிஸ்தவக் கல்லறைக்குப் போவோம். பிறகு நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பி வருவோம்.

மயிலையில் ஒரு நிலவறை

சென்னைக்குப் போகிற நம் மக்களில் பலர் கடற்கரையை ஒட்டியுள்ள சாந்தோம் பேராலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 155 அடி உயரக் கோபுரத்தோடு வெள்ளை வெளேரென்று நிற்கும் இன்றைய ஆலயம் 1893-இல் தொடங்கி 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956-இல் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஆனால் இந்த ஆலயத்தின் பெருமை மேலே உள்ள கோபுரத்தில் இல்லை, கீழே இருக்கிறது. திருத்தூதர் புனித தோமாவின் கல்லறை மேல்தான் இந்த ஆலயம் எழுந்தது. ஒரு சிறிய கோபுரம் அந்தக் கல்லறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே நின்று அதை அடையாளம் காட்டுகிறது. இப்போது நிலவறைக்குத் தனி வழி இருக்கிறது. படி இறங்கிப் போனால் ஒரு சிற்றாலயம். அங்கே பலிபீடத்தின் கீழே திருத்தூதர் துயில்கொள்ளும் உருவம். பேசிக்கொண்டே வந்தவர்கள்கூட அந்தப் படிகளில் தாமாக அமைதியாகிவிடுவதைப் பார்க்கிறோம்.

கி.பி. 72-இல் திருத்தூதர் மயிலைப் பகுதியில் ஈட்டியால் குத்துண்டு மறைசாட்சியாக இறந்தார், மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த மரபு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ இக்கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இங்கே திருப்பயணம் வந்தார்கள் என்றும், அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கலந்து காய்ச்சல்காரருக்குக் கொடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். அப்போது இங்கே பெரிய பேராலயமோ ஆயரோ இல்லை. ஒரு கல்லறையும் ஒரு பிடி மண்ணும்தான் இருந்தன. அந்த ஒரு பிடி மண்ணைத் தேடி மக்கள் வந்தார்கள்.

போர்த்துக்கீசியர் 1523-இல் அக்கல்லறையைத் தோண்டிப் பார்த்தார்கள். மட்கிய எலும்புத் துண்டுகள், இரும்பு ஈட்டி முனை ஒன்று, மண் நிறைந்த பானை ஒன்று ஆகியவை கிடைத்தன. 1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் ஏறத்தாழ நான்கு மாதங்கள் மயிலையில் தங்கினார். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் இருந்த நேரம் அது. திருத்தூதரின் கல்லறையில் செபித்துத் தெளிவு பெற்ற பிறகுதான் அவர் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1606-இல் மயிலை தனி மறைமாவட்டமானது. இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரியில் இங்கே வந்து முழந்தாளிட்டார்.

எலும்புகள் போன வழி

இங்கே ஒரு கேள்வி எழும். சாந்தோம் நிலவறையில் திருத்தூதரின் உடல் முழுவதும் இருக்கிறதா? இல்லை. ஒரு சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும்தான் இன்று அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளன.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித எபிரேம், ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து திருத்தூதரின் எலும்புகளை எதேசா நகருக்குக் கொண்டுவந்ததைத் தம் பாடல்களில் குறிப்பிடுகிறார். எதேசா இன்றைய துருக்கி நாட்டில் இருக்கிறது. பின்னர் போர்கள் வந்தன. எதேசா வீழ்ந்த பிறகு அந்த எலும்புகள் கியோஸ் தீவுக்குப் போயின. அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் கிழக்குக் கரையில் உள்ள ஓர்த்தோனா நகருக்குப் போயின. இன்றும் ஓர்த்தோனா பேராலயத்தின் நிலவறையில்தான் அவை உள்ளன. ஆண்டுதோறும் ஜூலை 3 அன்று நாம் கொண்டாடும் திருத்தூதரின் திருநாளும், அவருடைய எலும்புகள் எதேசாவுக்குக் கொண்டுபோகப்பட்டதை நினைவுகூரும் நாளே.

எலும்புகள் போன பிறகும் மக்கள் மயிலைக்கு வருவதை நிறுத்தவில்லை. மார்க்கோ போலோ வந்தபோது எலும்புகளின் பெரும்பகுதி ஓர்த்தோனாவுக்குப் போய் ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் மயிலையில் திருப்பயணிகள் இருந்தார்கள். அவர் உயிரைக் கொடுத்த மண் இது, அவர் வழியாக விசுவாசம் வந்த மண் இது என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

உரோமையில் உள்ள புனித பேதுரு பேராலயத்தின் கதையும் இதைப் போன்றதே. 1939-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் இறந்தபோது, அவரை அடக்கம் செய்யப் பேராலயத்தின் அடியில் தோண்டினார்கள். அப்போது அதற்கும் கீழே ஒரு பழைய இடுகாடு இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அகழ்வாய்வு நடந்தது. 1950 கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இன்று நாம் உங்களோடு பேசுவது போலவே, வானொலியில்தான் உலகுக்கு அறிவித்தார்: பேதுருவின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் கிடைத்த எலும்புகள் அவருடையவைதாம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்று. 1968-இல்தான் திருத்தந்தை ஆறாம் பவுல், நம்பத்தக்க முறையில் அந்த எலும்புகள் அடையாளம் காணப்பட்டுள்ளன என்று அறிவித்தார்.

அந்த அகழ்வாய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பளிங்கும் ஓவியமும் நிறைந்த செல்வர்களின் கல்லறை மாடங்கள் அங்கே இருந்தன. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் கல்லறைகளும் இருந்தன. ஆனால் பேதுருவின் கல்லறை என்று கண்ட இடத்தைச் சுற்றி இருந்தவை, வெறும் மண்ணில் தோண்டிய ஏழைகளின் குழிகள். திருஅவையின் முதல் தலைவர் ஏழைகளின் நடுவில் படுத்திருந்தார். அவர்மேல் உலகின் மிகப் பெரிய ஆலயம் பிற்காலத்தில்தான் எழுந்தது.

சேலத்துக்கு வந்தவரின் கல்லறை

மயிலையில் துயில்கொள்ளும் இன்னொருவரை நம் சேலம், நாமக்கல் மக்கள் மறக்கக் கூடாது. தத்துவபோதகர் என்று தமிழகம் அழைத்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் அவர். 1577-இல் உரோமையில் பிறந்தவர். 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உணவு மட்டும் உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, தமிழ் உரைநடையில் ஞானோபதேசம் எழுதியவர்.

1623-இல் அவர் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாக, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அடுத்துச் சேலம் வந்தார். சேலத்தில் தொடக்கத்தில் அவருக்குத் தங்க இடம் கொடுப்பாரில்லை. காற்றுக்கும் மழைக்கும் மறைப்பில்லாத இடத்தில் கிடந்து நோயுற்றார். அப்படியும் ஊரைவிட்டுப் போகவில்லை. மெல்ல மெல்ல மக்கள் மனம் இளகியது. சேலத்தை ஆண்ட நாயக்கரின் அண்ணன், ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர், 1625-இல் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். நம் மறைமாவட்டம் 1930 மே 26 அன்றுதான் நிறுவப்பட்டது. ஆனால் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, வீடு கிடைக்காத ஒரு துறவியின் வழியாக இந்த மண்ணில் விதை விழுந்துவிட்டது.

முதுமையில் அவருடைய கண்பார்வை ஏறத்தாழ முற்றிலும் போனது. மேலதிகாரிகள் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, பிறகு மயிலையில் தங்கவைத்தார்கள். அங்கேயும் அவர் மண்குடிசையில் கீரை உணவோடு வாழ்ந்தார். 1656 ஜனவரி 16 அன்று தம் 78-ஆம் வயதில் அங்கே இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்று காட்ட இன்று ஓர் அடையாளக் கல்கூட இல்லை. திருத்தூதரின் கல்லறைமேல் பேராலயம் நிற்கிறது. அதே ஊரில், சேலத்துக்கு நற்செய்தி கொண்டுவந்தவர் பெயரில்லாத மண்ணில் கலந்துவிட்டார்.

கல்லறைக்குள்ளும் பணம், கல்லறைக்குள்ளும் சாதி

பழைய ஆலயங்களுக்குள் போனால், தரையிலும் சுவரிலும் எழுத்து வெட்டிய கற்பலகைகளைக் காணலாம். போர்த்துக்கீசிய அதிகாரிகள், அர்மீனிய வணிகர்கள், அவர்கள் குடும்பத்தார் எனப் பலர் ஆலயத்துக்கு உள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். பலிபீடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு மதிப்பு என்ற எண்ணம் அன்று இருந்தது. இன்றைய திருஅவைச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1242-ஆம் எண்படி, திருத்தந்தை, கர்தினால்கள், தம் சொந்த ஆலயத்தில் மறைமாவட்ட ஆயர்கள், ஓய்வுபெற்ற ஆயர்கள் ஆகியோரைத் தவிர யாரையும் ஆலயத்துக்குள் அடக்கம் செய்யக் கூடாது. எவ்வளவு பெரிய கொடையாளரானாலும் அவருக்கும் வெளியேதான் இடம்.

சென்னையில் 1751-இல் இறந்த அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற கத்தோலிக்கரை நினைத்துப் பாருங்கள். பெருஞ்செல்வர். தாம் கட்டிய வேப்பேரி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய விருப்பப்படி இதயம் மட்டும் பாரசீகத்தில் உள்ள அவரது சொந்த ஊரான ஜூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. இன்று அவர் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் திருத்தூதரின் நினைவாக நிற்கும் பரங்கிமலைக்கு ஏறுகிறவர்கள், அவர் மக்களுக்காக அமைத்துக் கொடுத்த கல் படிகளில்தான் இன்றும் கால் வைத்து ஏறுகிறார்கள். கல்லறைக் கல்லைவிடப் படிக்கல் அவருக்கு நல்ல நினைவுச் சின்னமாகிவிட்டது.

பணத்தைவிட ஆழமாக நம் கல்லறைகளுக்குள் இறங்கிவிட்ட ஒன்று சாதி. இதைச் சொல்லாமல் இந்த மறையுரையை முடிக்க முடியாது. தெ நொபிலி காலத்திலேயே, ஒரு பிரிவினருக்கு ஒரு வகைத் துறவிகளும் மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்ற வேறு வகைத் துறவிகளும் பணி செய்தார்கள். அன்றைய சமூகத்தில் நற்செய்தி நுழைவதற்காக எடுத்த வழி அது. ஆனால் உள்ளே வருவதற்காகத் திறந்த இரண்டு வாசல்கள், உள்ளே வந்த பிறகும் இரண்டாகவே நின்றுவிட்டன. சேலம் பகுதியின் பெரும்பாகம் புதுச்சேரி மறைமாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்தப் புதுச்சேரியில், ஆலயத்துக்குள் மக்களைச் சாதியால் பிரித்து ஒரு சுவரே இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் குருவானவரிடம் போய், நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, நடுவில் எதற்குச் சுவர் என்று கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த பூசலையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தச் சுவர் விழுந்து 275 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இன்று நம் ஆலயங்களில் ஒரே இருக்கையில் அமர்கிறோம், ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறோம். ஆனால் தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இன்றும் சுவர் நிற்கிறது. சுவர் இல்லாத இடங்களிலும், இந்தப் பக்கம் இந்தத் தெரு, அந்தப் பக்கம் அந்தத் தெரு என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு தெருவின் தேர் வராத இடத்துக்கு அந்தத் தெருவின் சவப்பெட்டியும் வருவதில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் சிலர் உரோமைக்குச் சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பற்றித்தான் அவர்களிடம் பேசினார். கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது நற்செய்திப் பணிக்குத் தடை என்றும், தலித் மக்களை எக்காலத்திலும் பிரித்து வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

தோமா போன இன்னொரு கல்லறை

தோமாவை நாம் 'சந்தேகத் தோமா' என்றே பழகிவிட்டோம். ஆனால் யோவான் நற்செய்தியில் அவர் முதன்முதலாக வாய் திறப்பது ஒரு கல்லறைக்குப் போகும் வழியில்தான். இலாசர் இறந்துவிட்டார். யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீடர்கள் அஞ்சுகிறார்கள். அப்போது தோமா, நாமும் ஆண்டவரோடு போவோம், செத்தாலும் அவரோடு சாவோம் என்று மற்றவர்களை அழைக்கிறார். அப்படிப் போனவர், நான்கு நாள் ஆகி நாற்றம் எடுத்த கல்லறையிலிருந்து ஒருவர் நடந்து வெளியே வந்ததைக் கண்டார். பிறகு ஆண்டவரே உயிர்த்தெழுந்தபோது, அவருடைய காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்று நின்றவரும் அவரே. ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. காயங்களைக் காட்டினார். உயிர்த்த உடலிலும் காயத்தின் தழும்பு இருந்தது.

இது நமக்குச் சொல்வது என்ன? காயத்தைத் தொடாமல் உயிர்ப்பை அறிக்கையிட முடியாது. நம் பங்குக் குடும்பத்தில் ஒரு காயம் இருக்கிறது. அது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பிறந்தபோது ஒரே தொட்டியின் தண்ணீர் ஊற்றினோம். இறந்தபோது அதே தண்ணீரைப் பெட்டியின் மேல் தெளிக்கிறோம். பாஸ்காத் திரி ஒன்றுதான், செபம் ஒன்றுதான், எல்லாருக்கும் போடுவது ஒரு பிடி மண்தான். அந்த மண்ணுக்குக் கீழே மட்டும் எப்படி இரண்டு சாதி? நிலவறையைக் குறிக்கும் 'கிரிப்ட்' என்ற சொல்லுக்கு மறைவான இடம் என்று பொருள். கல்லறைத் தோட்டத்துக்குப் பழைய கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயரின் பொருள் தூங்குமிடம். மருத்துவமனையிலோ இரயில் பெட்டியிலோ பக்கத்தில் தூங்குகிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை. எக்காளம் ஒலிக்கும் காலையில் எழுந்து உட்காரும்போது நம் பக்கத்தில் யார் எழுவார் என்று மட்டும் ஏன் கேட்கிறோம்?

இந்த நவம்பர் முடிவதற்குள் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, மெழுகுதிரியே ஏற்றப்படாத கல்லறை ஒன்று நம் தோட்டத்தில் நிச்சயம் இருக்கும். பிள்ளைகள் இல்லாதவருடையதாக இருக்கலாம், பெயர் அழிந்துபோனதாக இருக்கலாம். அதைத் தேடிப்போய், அது எந்தத் தெருவாரின் பக்கம் இருந்தாலும், ஒரு திரி ஏற்றி ஒரு செபம் சொல்வோம்.

இரண்டாவது, தத்துவபோதகரின் கல்லறையைப் போல நம் முன்னோரின் கல்லறைகளும் தொலைந்துபோக விட வேண்டாம். பங்கின் இறப்புப் பதிவேட்டில் பெயரும் நாளும் இருக்கின்றன. எந்த இடத்தில் யார் துயில்கொள்கிறார் என்பது பல ஊர்களில் வயதான சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அன்பியம்தோறும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களை அழைத்துப்போய் எழுதி வைக்கட்டும். அப்படி எழுதும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நோட்டில் எழுதட்டும்.

மூன்றாவது, பங்குப் பேரவைகள் செய்ய வேண்டியது. இனி இறப்பவர்களைத் தெருவின்படி அல்ல, இறந்த நாளின்படி அடுத்தடுத்து ஒரே வரிசையில் அடக்கம் செய்வது என்று முடிவெடுப்போம். எளிதல்ல என்பது தெரியும். பெரியவர்கள் வருந்தலாம், சிலர் கோபப்படலாம். சேலத்தில் இடமில்லாமல் கிடந்த துறவியும் எளிதான வழியில் வரவில்லை. பேதுருவைச் சுற்றிலும் ஏழைகளின் குழிகள் இருந்தன. அவர்கள் பக்கத்தில் துயில்கொள்வதை அவர் இழிவாகக் கருதியிருக்கமாட்டார்.

தோமாவின் விசுவாசத்தைத் தமிழ் மண்ணுக்குத் தந்த இறைவா, எங்களுக்கு முன் துயில்கொண்ட அனைவருக்கும், பெயர் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும், நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். உயிரோடிருக்கும் எங்களை ஒரே குடும்பமாக்கும். நாங்கள் இறந்த பிறகும் அப்படியே இருக்கச் செய்யும். ஆமென்.